அஞ்சு நாப்பது வண்டி

இல்லம்மா, ரிப்பேருக்குக் கூப்புடல. கம்ப்யூட்டரு நல்லாதான் ஓடுது. மொதல்ல உக்காருங்க. அந்த ஃபேனு கொஞ்சம் சத்தம் போடும், கண்டுக்காதீங்க. லட்சுமி, கம்ப்யூட்டர் சென்டர் செல்வியம்மா வந்திருக்காங்க, ரெண்டு டீ போடு. எனக்குச் சக்கர கம்மியா.

போன வருசம் நீங்கதான வந்து அந்தக் கருத்துப் பெட்டிய மூடிக் குடுத்தீங்க? நம்ம பஸ் டைம் போட்டிருக்கற பக்கத்துல, அடியில, பாக்கறவங்க ஏதாவது எழுதிட்டுப் போவாங்களே, அது. அதத் தொறந்து வுடணும். அவ்ளோதான் வேல. ஆமாமா, மூடச் சொன்னதும் நாந்தான். உங்க கடைக்கு வேர்த்துக் கொட்டிக்கினு ஓடியாந்து, இன்னிக்கே மூடுங்க, இப்பவே மூடுங்கன்னு நின்னேன். இப்பத் தொறங்கன்னு சொல்றதும் நாந்தான். கெழவனுக்குப் புத்தி ஒரு நெலையில இல்லன்னு வச்சிக்கங்களேன்.

அப்பறம் இன்னொண்ணு. நேரா வுழணும். ஒருத்தரு எழுதுனா எழுதுன ஒடனே பக்கத்துல தெரியணும். மொதல்ல எங்கிட்ட வந்து, நான் பாத்து, ஏத்துக்கறதுக்கு ஒரு பட்டன், அழிக்கறதுக்கு ஒரு பட்டன்னு வச்சிக் குடுத்தீங்களே, அந்த ஏற்பாடே வேணாம். குப்பதான? வரட்டும். தெரியும்மா, மருந்து விளம்பரம் வரும், கெட்ட வார்த்த வரும், எங்க குடும்பத்தையே இழுத்துப் போட்டு எழுதுவானுங்க. எழுதட்டும். நான் நின்னு நின்னு பாத்து உள்ள வுட்டதெல்லாம் போதும்.

யாரு சொன்னது? விழுப்புரம் வண்டி கண்டக்டரா? பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவன் வண்டிய நான் புடிச்சி வச்சிக்கினு பேஜாரு பண்றேன்னானா. உங்க கடை வரைக்கும் வந்துடுச்சா அந்தச் சேதி. பண்றேன்தான். பொய் இல்ல. அதுவும் இதுவும் ஒண்ணுதாம்மா, சொல்றேன். ஆனா வரிசையாத்தான் சொல்ல வரும். முப்பத்தோரு வருசமா டைம் கீப்பரா இருக்கறவன், பின்னாடி வர்ற வண்டிய முன்னாடி அனுப்பத் தெரியாது எனக்கு.

பஸ் ஸ்டாண்டுல எங்க கூண்டப் பாத்திருப்பீங்க. பிரைவேட் வண்டிக்காரங்க சங்கம் போட்ட வேல. எந்த வண்டி எத்தினி மணிக்கு வந்துச்சி, எத்தினி மணிக்குப் போச்சின்னு எழுதணும், டைம் ஆனா விசில் ஊதி வெளிய தள்ளணும். கேக்கறதுக்குச் சின்ன வேலயாத்தான் இருக்கும். ஒரு நிமிசம் ஜாஸ்தி நின்னா பின்னாடி வண்டிக்காரன் அடிக்க வருவான். ஒரு நிமிசத்துக்காக மண்ட ஒடஞ்சத நான் பாத்திருக்கேன். அதனால ராஜமாணிக்கம் கூண்டுல இருந்தா ஒரு வண்டியும் ஒரு நிமிசம் கூட நிக்காதுன்னு பேரு. அந்தப் பேரு மேல எனக்கு அவ்ளோ கர்வம். மலையே வந்து வண்டில ஏறணும்னாலும் டைமுக்கு வான்னு சொல்லுவேன்னு எம்பொண்ணு கிண்டல் பண்ணுவா.

கீர்த்தனா. ஒரே பொண்ணு. உங்களுக்குத் தெரியுமில்ல? பெரிய தெருவுல அந்தக் கல்யாணப் பத்திரிக அடிக்கற கடையில டைப் அடிச்சிக்கினு இருந்தா. அவதான் இந்தப் பக்கத்தயே உண்டாக்குனது, ரெண்டாயிரத்து மூணுல. அப்பல்லாம் வூட்டு போன் ஓயாது. செங்கம் வண்டி எத்தினி மணிக்கு, போளூருக்குக் கடைசி வண்டி எப்பன்னு எவன் எவனோ கேப்பான். ஏம்பா, நீ மனுசனா டைம் டேபிளான்னு கேட்டா. ஒரு ஞாயித்துக்கெழம என்ன உக்கார வச்சி, மனப்பாடமா இருக்கறத சொல்லுப்பான்னு, நான் சொல்லச் சொல்ல அவ தட்டுனா. நூத்தி எழுவத்தாறு வண்டி. ஒரு பேப்பர் பாக்கல நான். பௌர்ணமி ஸ்பெஷல் தனியா போட்டா. அடியில ஒரு பெட்டி வச்சி, உங்கள் கருத்துன்னு எழுதுனா. கட்டக் கடைசியில பொடி எழுத்துல, நேரம் ராஜமாணிக்கம், எழுத்து கீர்த்தனா. அதப் பாத்துட்டு நான் சிரிச்ச சிரிப்பு இருக்குதே.

அந்தப் பெட்டி வந்தப்பறம்தான் எனக்கு வாழ்க்கையே ருசிச்சது, சொல்லப் போனா. அது வரைக்கும் எங்கிட்ட பேசறவன்லாம் சண்டக்காரன்தான். பெட்டில பாத்தா, சிங்கப்பூர்லருந்து ஒருத்தரு, அய்யா உங்க டைம நம்பி வந்தேன், ஒரு நிமிசம் தப்பல, நீங்க நல்லா இருக்கணும்னு எழுதறாரு. நாலு பத்து போளூர் வண்டி வர்றதே இல்ல, ஏமாத்தறீங்கன்னு ஒருத்தன். ஞாயித்துக்கெழம மட்டும் வராது, மத்த நாளு நீ லேட்டா வந்திருப்பேன்னு பதில் போடும்மான்னேன். அவ, ஞாயிறு தவிர மற்ற நாட்களில் வரும், நன்றின்னு மட்டும் போட்டா. கிரிவலம் சுத்தும்போது செருப்பு போடலாமான்னு ஒரு அம்மா கேட்டாங்க. கேள்வி பஸ்ஸப் பத்தி மட்டும் இருக்கணும்னு சொன்னேன். அத அப்புடியே போட்டுட்டா, குறும்புக்காரி. டூட்டி முடிஞ்சி வந்து சட்டையக் கூட கழட்ட மாட்டேன். என்னா வந்திருக்குது, படின்னு உக்காந்துக்குவேன்.

இத ஒண்ணு கவனிச்சிக்கங்க. அவ தட்டும்போது நான் பெட்டிய பாத்ததே கெடையாது. அவ வெரலத்தான் பாப்பேன். அவ்ளோ வேகம். பெட்டிக்குள்ள இங்கிலீஷ் எழுத்தா என்னென்னமோ கோணமாணையா ஓடும், அனுப்புன்னு அமுக்குனா பக்கத்துல போயித் தமிழா உக்காந்துக்கும். அது பத்திரிகக் கடை எழுத்துப்பா, ஃபான்ட்டுன்னு சொல்லுவா. எனக்கு அது புரியல, புரியணும்னும் தோணல. அதான் வந்து உக்காந்துடுச்சே தமிழா, அப்பறம் என்னா.

ரெண்டாயிரத்து அஞ்சு ஆவணியில வூட்ட வுட்டுப் பூட்டா. அதே கடையில வேல செஞ்ச பையன், கோபின்னு. ஊரு அடி அண்ணாமல. வேற ஆளுங்க. நல்ல பையன்தான், இப்ப சொல்றேன். அப்பச் சொல்லல. வேலூர்ல ரிஜிஸ்டர் பண்ணிட்டு போன் பண்ணா. நான் எடுத்தேன். அப்பான்னா. அதுக்கு மேல நான் பேச வுடல. நான் டைம் பாக்கற ஊர்ல நீ வண்டிய வுட்டு எறங்கக் கூடாதுன்னு சொன்னேன். அதத்தான் சொன்னேன், வார்த்தைக்கு வார்த்த. சொல்லிட்டு போன வச்சேன். அடுத்த வாரம் போன் நம்பர மாத்துனேன். லெட்டர் வந்துச்சி, பரசுராமன் போஸ்ட்மேன் நீட்றாரு, வாங்க மறுத்தார்னு எழுதிக்கோங்கன்னு திருப்பி அனுப்புனேன். நாலு லெட்டரு. நாலுக்கும் அவருதான் கண் கலங்குனாரு, நான் இல்ல.

எல்லா வழியையும் அடச்சிட்டேன்னு நெனச்சேன். இந்தப் பெட்டி தொறந்து கெடந்துச்சி. அது ஒரு வழின்னே எனக்குத் தோணல.

ஊர்க்காரனுங்களுக்குத் தோணுச்சி. மொதல்ல ஒருத்தன் எழுதுனான். டைம் கீப்பர் பொண்ணு எத்தினி மணி வண்டில போச்சி, அதயும் பட்டியல்ல சேருங்கன்னு. அத பஸ் ஸ்டாண்டுல டீக்கடையில சொல்லிச் சொல்லி சிரிச்சானுங்க. அப்பறம் தெனம் வந்துச்சி. ரைட்டு சொன்னது யாருன்னு ஒருத்தன், சிங்கிள் டிக்கெட்டா ரிட்டர்னான்னு ஒருத்தன். பேரு இல்ல, ஊரு இல்ல. எவன்னு தெரியாது. அதனால எதுக்கால வர்றவன்லாம் எழுதுனவனாத்தான் தெரிஞ்சான் எனக்கு.

அப்பத்தான் உங்ககிட்ட வந்தேன். எங்கிட்ட வராம ஒரு எழுத்தும் பக்கத்துல வுழக் கூடாதுன்னேன். நீங்க அந்த ரெண்டு பட்டன் வச்சிக் குடுத்தீங்க. அதோட, பழைய எழுத்த எடுத்துட்டு புது எழுத்து போட்டா எல்லாக் கம்ப்யூட்டர்லயும் தெரியும்னீங்க. நான் அதுக்காகச் சரின்னு சொல்லல. அவ போட்ட எழுத்து இந்தப் பக்கத்துல இருக்க வேணாம்னுதான் மாத்துங்கன்னேன். கடைசில இருந்த அவ பேரயும் எடுக்கச் சொன்னேன். பேரு இருந்துட்டுப் போவட்டுமே சார்னு கேட்டீங்க நீங்க. கேட்டீங்கம்மா. நீங்க மறந்திருப்பீங்க, நான் மறக்கல.

இல்ல, உங்க மேல என்னா தப்பு? நீங்க நல்லதுதான் பண்ணீங்க.

அப்பறம் தெனம் இதே நாற்காலில உக்காந்துக்கினு அழிக்கறதுதான் வேல. ஒரு நோட்டு போட்டுக்கினேன். எனக்கு எதுவா இருந்தாலும் எழுதித்தான் பழக்கம். தேதி, டைமு, என்னா வந்துச்சி. நல்லதுன்னா நல்லதுன்னு எழுதி ஏத்துக்குவேன். கெட்டதுன்னா கெட்டது, அழிச்சாச்சின்னு எழுதுவேன். மருந்து விளம்பரம்னா மருந்து. நடுநடுவுல ஒரு தினுசு வரும். இங்கிலீஷ் எழுத்து, ஆனா இங்கிலீஷ் இல்ல. வார்த்தையா சேராது. நடுவுல அங்கங்க ஒரு புள்ளியும் அதுக்குக் கீழ ஒரு வாலும். இது என்னா கண்றாவின்னு அழிச்சிடுவேன். ஆனா அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு எழுத்து வுடாம நோட்டுல எழுதி வச்சிக்குவேன். ஏன்னா, ஸ்டாண்டுக்குள்ள எங்க லிஸ்ட்டுல இல்லாத வண்டி பூந்துச்சின்னா, அத வெளிய தொரத்தறதுக்கு முன்னாடி நம்பர எழுதிக்கணும். அது எங்க தொழில்ல சட்டம். அந்தச் சட்டம் மட்டும் இல்லன்னா இன்னிக்கு எங்கையில ஒண்ணும் இருந்திருக்காது.

ஏழு வந்துச்சி அந்த மாதிரி. ஏழுக்கும் மொத வார்த்த ஒண்ணேதான். எம், ஜி, ஒரு புள்ளி வாலு, மறுபடி ஜி, அப்பறம் ஹெச். எதோ எம்.ஜி.ன்னு கம்பெனி போல, விடாம விளம்பரம் அனுப்பறான்னு நெனச்சேன். சிரிக்காதீங்க. சிரிக்கலயா. சரி.

உங்களுக்குப் புரிஞ்சிடுச்சி. நீங்க அந்த எழுத்துல டைப் அடிச்சவங்க, கேக்கும்போதே மொகம் மாறிடுச்சி. எனக்குப் புரிய ஒரு வருசத்துக்கு மேல ஆச்சி.

அதுக்கு முன்னாடியே பெட்டிய மூடிட்டோம். போன வருசம் சித்ரா பௌர்ணமி முடிஞ்சி நாலஞ்சி நாளு இருக்கும். ஒருத்தன் எழுதியிருந்தான், தாத்தா ஆயிட்டியாமே டைம் கீப்பரு, கொழந்த எத்தினி மணிக்குப் பொறந்துச்சி, எழுதி வச்சியான்னு. எம்பொண்ணுக்குக் கொழந்த பொறந்தத நான் தெரிஞ்சிக்கினது அந்த நாயி வாயாலதாம்மா. சந்தோசப்படறதா அவன அடிக்கறதான்னு தெரியல. அழிச்சிட்டு, உங்ககிட்ட ஓடியாந்தேன். மூடுனீங்க. கருத்துகள் மூடப்பட்டுள்ளனன்னு ஒரு வரி வந்துச்சி. அன்னிக்கு நல்லாத் தூங்குனேன்.

இந்த மாசியில சகாதேவன் தவறிட்டாரு. செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்தாரே, அவரு. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அவரு பசங்க கூப்புட்டாங்க, பேரு தேதி சரியா பாருங்கன்னு. டைப் அடிக்கற கடையில பின்னாடி நின்னுக்கினு இருந்தேன். அந்தப் பொண்ணு தட்டுது. அன்னிக்குத்தான் வெரலப் பாக்காம ஸ்க்ரீனப் பாத்தேன். மொத வரியில கடைசி வார்த்த. எம். ஜி. புள்ளி வாலு. ஜி. ஹெச். இது நம்ம நோட்டுல இருக்கற எம்.ஜி. கம்பெனி ஆச்சேன்னு நான் யோசிச்சிக்கினே இருக்கேன், அந்தப் பொண்ணு மொத்தத்தையும் கறுப்பாக்கி ஒண்ணு அமுக்குச்சி. எழுத்து மாறிடுச்சி. அப்பா.

அப்பான்னு இருந்துச்சிம்மா. எங்கள் அன்பு அப்பான்னு சகாதேவன் பசங்க போடச் சொன்னது.

அங்க இருந்த பெஞ்சுல உக்காந்துட்டேன். சகாதேவனுக்காக அழறேன்னு எல்லாரும் நெனச்சிக்கினு சோடா வாங்கிக் குடுத்தாங்க. எந்தப் பட்டனுக்கு எந்த எழுத்துன்னு அந்தக் கடை மேசையில ஒரு அட்டை ஒட்டியிருந்தாங்க. அத ஜெராக்ஸ் எடுத்துக் குடும்மான்னு வாங்கிக்கினேன். நோட்ட யார்கிட்டயும் காட்டல. எம்பொண்ணு எனக்கு எழுதுனத இன்னொருத்தர் படிச்சிச் சொல்லி நான் கேக்கறதா? கூண்டுல உக்காந்து, வண்டிக்கும் வண்டிக்கும் நடுவுல, ஒவ்வொரு எழுத்தா பாத்துப் பாத்து மாத்துனேன். நாலு நாளு ஆச்சி ஏழுக்கும்.

மொதலாவது, அப்பா நல்லா இருக்கேன், அம்மாவுக்குச் சொல்லுங்க. அவ்ளோதான். ரெண்டாவது, அப்பா எம்பேர எடுத்துட்டீங்க, பாத்தேன், பரவால்ல, புது எழுத்து அழகா இருக்குது. இத எப்புடிம்மா தாங்கறது? எழுத்து மாறுனத பாத்திருக்கா. அழகா இருக்குதுன்னிருக்கா. ஆனா அவ பழைய எழுத்துல தட்டுனா இங்க குப்பையாத் தெரியும்னு அவளுக்குத் தெரியல. பெட்டில தட்டும்போது எப்பவுமே கோணமாணையாத்தான் தெரியும், அனுப்புனா தமிழாயிடும், அதான அவ பழக்கம். அனுப்பறது பக்கத்துல வுழுந்திருந்தா அவளே பாத்து உஷாராயிருப்பா. நாந்தான் வுழ வுடலயே, வாசல்லயே நின்னு அழிச்சிக்கினு இருந்தேனே. அதனால அவ நெனச்சதெல்லாம், அப்பா படிக்கறாரு, படிச்சிட்டு அழிக்கறாருன்னு.

மூணாவது என்னா தெரியுமா? அப்பா, செங்கம் வண்டி ஆறு அஞ்சுன்றது ஆறு பதினஞ்சுன்னு தப்பா இருக்குது, மாத்துங்க, ஜனங்க வண்டிய வுட்டுடுவாங்க. ஆமாம்மா, எழுத்து மாத்தும்போது வந்த தப்பு. மூணு மாசம் அதுக்காக ஊர்ல திட்டு வாங்கனேன். என்னத் திட்ட வேண்டியவ, எம்பேரு கெட்டுடக் கூடாதுன்னு அங்கருந்து பாத்துக்கினு இருந்திருக்கா.

நாலாவதுல மாசமா இருக்கேன்னா. அஞ்சாவதுல பொண்ணு பொறந்திருக்குதுன்னா, காது உங்கள மாதிரி பெருசுன்னா.

ஆறாவதுதான் இது. இருங்க, லட்சுமி வரா.

வை, வை. இல்ல, பஸ் டைமு ஏதோ மாத்தணும், அதத்தான் சொல்லிக்கினு இருக்கேன். நீ போயி படு, முட்டி வலின்னியே.

அவளுக்குப் பாதிதான் சொல்லியிருக்கேன். பேத்தி பொறந்திருக்குதாம், நல்லா இருக்காளாம், யாரோ சொன்னாங்கன்னு. இதெல்லாம் சொல்லல. சொல்ற தைரியம் இல்ல. கொஞ்சம் மெதுவாவே பேசறேன்.

ஆறாவது, போன வருசம் சித்ரா பௌர்ணமிக்குப் பத்து நாளு முன்னாடி வந்தது. மனப்பாடம் எனக்கு. அப்பா, சித்ரா பௌர்ணமி அன்னிக்கு வேலூர்லருந்து விழுப்புரம் போற அஞ்சு நாப்பது வண்டில வரேன். எறங்கலாமா. எறங்கலாம்னா பெட்டிக்கு அடியில, அஞ்சு நாப்பது வண்டி நிக்கும்னு ஒரு வார்த்த போடுங்க. மத்தவங்களுக்கு அது பஸ் சேதியாத்தான் தெரியும். நீங்க போடலன்னாலும் வருவேன். வண்டி பத்து நிமிசம் நிக்கும்னு நீங்களே போட்டிருக்கீங்க. பத்து நிமிசம் சீட்லயே உக்காந்திருப்பேன். நீங்க வந்து ஏறிப் பாத்தா எறங்கறேன். இல்லன்னா அதே வண்டில போயிடறேன்.

நான் சொன்ன வார்த்தயத்தான் புடிச்சிக்கினு இருந்திருக்கா. வண்டிய வுட்டு எறங்கக் கூடாதுன்னேனே.

குடிங்க, ஆறிடும்.

தேடாம இருப்பேனா? கோபிக்கு ஒரு அம்மா இருந்துச்சி அடி அண்ணாமலையில, பாஞ்சாலைன்னு. போனேன். அந்தத் தெருவுக்குள்ள நான் வாழ்க்கையில போனதில்ல. வூடு பூட்டியிருக்குது. அந்த அம்மாவயும் கூட்டிக்கினு வடக்க எங்கயோ பூட்டாங்களாம். சூரத்துன்றான் ஒருத்தன், புனான்றான் ஒருத்தன். போன் நம்பர் யார்கிட்டயும் இல்ல. எனக்கு மிச்சம் இருக்கறது இந்தப் பக்கம் ஒண்ணுதான். அவ எங்க இருந்தாலும் ஒரு நாளு இதத் தொறந்து பாப்பா. ஆறு பதினஞ்ச ஆறு அஞ்சா மாத்துனேனான்னாவது பாப்பா. எம்பொண்ண எனக்குத் தெரியும்.

அதனாலதான் பெட்டி தொறந்து இருக்கணும். மூடப்பட்டுள்ளனன்னு அவ கண்ல படவே கூடாது. இந்தாங்க, இந்தத் துண்டுத் தாளப் புடிங்க. மொத கருத்தா இதப் போடுங்க, எம்பேருலயே. அந்த அட்டையப் பாத்து நானே எழுதுனது, தப்பு இருந்தா திருத்துங்க. பழைய எழுத்துதான். வேணும்னுதான் அதுல எழுதியிருக்கேன். ஊருக்குக் குப்பையா தெரியட்டும். அவளுக்கு அது தமிழு.

படிச்சிட்டீங்களா. ஆமா, அஞ்சு நாப்பது வண்டி நிக்கும்னுதான். அவ கேட்ட வார்த்த. ஒரு வருசம் மூணு மாசம் லேட்டு. ஒரு நிமிசம் லேட்டாயிட்டா டிரைவர அம்மா ஆத்தான்னு திட்டனவன் நான்.

பௌர்ணமியானா நான் அந்த வண்டில ஏறி ஒவ்வொரு சீட்டாப் பாக்கறது இதுக்குத்தான். பத்து நிமிசம் முழுசா நிறுத்தறேன். கண்டக்டர் கத்தட்டும். பின்னாடி வண்டிக்காரன் கத்தட்டும். ஏறி, கடைசி சீட்டு வரைக்கும் போயி, திரும்பி வரேன். ஜனங்க என்னா பெரியவரே யாரத் தேடறீங்கன்றாங்க. சீட்டு எண்றேன்னு சொல்றேன்.

அன்னிக்கா? அன்னிக்கு வந்தாளான்னு கேக்கறீங்க.

ஏழாவது ஒண்ணு இருக்குதுன்னு சொன்னேனில்ல. அது சித்ரா பௌர்ணமிக்கு மறுநாளு வந்தது. அன்னிக்கு நான் எங்கருந்தேன் தெரியுமா, இந்த வேங்கிக்கால்லதான், பௌர்ணமிக்குன்னு தற்காலிகமா போடற ஸ்டாண்டுல. லட்சக்கணக்குல ஜனம். வண்டி மேல வண்டி. பத்து நிமிசம்லாம் யாருக்குக் குடுக்க முடியும்? நானே எல்லா வண்டிக்கும் ரெண்டு நிமிசம்னு சொல்லிட்டேன். அன்னிக்கு வண்டி டைம் எழுதுன தாள எடுத்துப் பாத்தேன், என் கையெழுத்துதான். வந்தது அஞ்சு நாப்பத்தி மூணு. போனது அஞ்சு நாப்பத்தஞ்சு.

அவ எழுதியிருக்கா. அப்பா, வந்தேன். மூணாவது சன்னல். நீங்க கிட்டயேதான் நின்னீங்க. மீச நரச்சிடுச்சி. பாப்பா தூங்கிக்கினு இருந்தா, அவள எழுப்பிக் காட்டலாம்னு தூக்கனேன். அதுக்குள்ள எஞ்சன்னலுக்குக் கீழ கையால ரெண்டு தட்டு தட்டி, போ போ, ரைட்டுன்னுட்டீங்க. சரிப்பா. போயிட்டேன். பிரஷர் மாத்திரய வேளைக்குப் போடுங்க.

இந்தக் கைதாம்மா. நான் தட்டுன தகரத்துக்கு அந்தப் பக்கம் எம்பேத்தி இருந்திருக்குது.

போட்டுடுங்க. இல்ல, எவ்ளோ நேரம் நிக்கும்னு நான் எழுதல. நீங்களும் எழுதாதீங்க. நிக்கும்னு மட்டும் போடுங்க.